கோழி மருந்து எங்க வளருது? வாசகர் கேள்வி பதில்

போன இதழில கோழிக்குஞ்சுகளுக்குப் போடுற தடுப்பு மருந்துகளைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தன், அதில "இப்ப கனக்க மருந்து முட்டையில இல்லாம கல வளர்ப்பில செய்யினம்" எண்டு ஒரே ஒரு வரி. அந்த வரியப் பிடிச்சுக்கொண்டு கொழும்பின்ர நாலு பக்கத்தில இருந்தும் கேள்வி வந்திருக்கு. இந்த முறை முழுப் பக்கமும் அதுக்குத்தான்.

கேள்வி: நான் ஏ எல் பயோ படிக்கிறன். இழைய வளர்ப்பு எண்டா எங்களுக்கு வாழைக்கண்டும் ஓர்க்கிட்டும்தான் ஞாபகம் வரும். கோழி மருந்துக்கு அத எப்பிடிச் செய்யிறது? முட்டையில செய்யிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? (மாணவி, கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, பற்றீரியா எண்டா ஏகார் தட்டில சாப்பாட்டப் போட்டு விட்டா தன்ர பாட்டில பெருகும், வைரஸ் அப்பிடி இல்ல, அதுக்கு உயிரோட இருக்கிற ஒரு கலம் வேணும், கலத்துக்குள்ள பூந்து அங்க இருக்கிற சாமான் சக்கட்டைய வைச்சுத்தான் தன்னைப்போல இன்னொண்டச் செய்யும். அதால மருந்து செய்யிற ஆக்களுக்கு தொடக்கத்தில இருந்தே ஒரே தலையிடி, இவ்வளவு உயிருள்ள கலத்துக்கு எங்க போறது. 1931இல அமெரிக்காவில வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில குட்பாஸ்ச்சரும் அலிஸ் வுட்ரஃபும் அடை வைச்ச முட்டைக்குள்ள இருக்கிற மென்சவ்வில ஒரு வைரஸ வளர்த்துக் காட்டிச்சினம், அது வேற எதுவும் இல்ல, எங்கட ஊர்க்கோழிக்கு நுளம்பு குத்தி வாற அதே கோழி அம்மைதான். அதுக்குப் பிறகு முட்டைதான் மருந்துத் தொழிற்சாலை எண்டு ஆச்சு. கோழியளக் கூட்டத்தோட கொல்லுற ராணிக்கெட் நோய்க்கான மருந்து இண்டைக்கும் பெரும்பாலும் அப்பிடித்தான், ஒம்பது பத்து நாள் அடை வைச்ச முட்டையின்ர ஓட்டில சின்ன ஓட்டை போட்டு வைரஸ விட்டு, மூண்டு நாலு நாள் சூட்டில வைச்சு, பிறகு குளிராக்கி உள்ள இருக்கிற தண்ணிய உறிஞ்சி எடுக்கிறது.

கல வளர்ப்பு எண்டா முட்டைக்குள்ள குஞ்சாகிக்கொண்டு வாற முளையத்தின்ர கலங்களைப் பிரிச்சு எடுத்து பிளாஸ்க்கில வளர்க்கிறது. நான் கன வருசம் ஒரு ஆய்வுகூடத்தில இந்த வேலை செய்தனான், அதால கையால செய்த மாதிரியே சொல்லுறன். பத்து நாள் முட்டைய அல்ககோலால துடைச்சு, மேல் ஓட்ட வெட்டி, முளையத்த எடுத்து, தலை, கால், குடல் எல்லாத்தையும் நீக்கிப்போட்டு மிச்சத்தக் கத்தரிக்கோலால கொத்திக் கொத்தி குறுணி மாதிரி ஆக்க வேணும், பிறகு திரிப்சின் எண்ட நொதியத்தில மெல்லமாச் சுத்த விட்டா கலத்துக்கும் கலத்துக்கும் நடுவில இருக்கிற புரதப் பசை கரைஞ்சு கலங்கள் தனித்தனியா வரும், அதத் துணியில வடிச்சு, சென்ட்ரிஃபியூஜில சுத்தி, நுணுக்குக்காட்டியில எண்ணிப்போட்டு ரோஸ் கலர் வளர்ப்புத் தண்ணியோட பிளாஸ்க்கில விடுறது. அண்டைக்குப் பாத்தா கலங்கள் குண்டு குண்டா மிதக்கும். அடுத்த நாள் காலமை பாத்தா எல்லாம் அடியில ஒட்டி, ரெண்டு முனையும் நீண்டு, ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு, மீன் கூட்டம் ஒரே பக்கம் திரும்பினமாதிரிக் கிடக்கும். முதல் தரம் அதப் பாத்த நாள் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பேல்ல.

அந்தப் படுக்கைக்கு மேலதான் வைரஸ விடுறது. மூண்டு நாலு நாளில கலங்கள் சுருங்கி வட்டமாகி கழண்டு வந்திடும், நடுவில நடுவில வலை கிழிஞ்ச மாதிரி ஓட்டை தெரியும், அப்ப வைரஸ் பெருகிட்டுது எண்டு அர்த்தம், அறுவடை செய்யலாம். ஆனா காலமை இன்கியுபேட்டரத் திறக்கேக்க ரோஸ் தண்ணி மஞ்சளாகிக் கலங்கி நிண்டா எங்கயோ பற்றீரியா பூந்திட்டுது, ஒரு கிழமை வேலை அப்பிடியே கிருமி கொல்லுற நீராவிப் பெட்டிக்குள்ள, அதான் ஓட்டோகிளேவுக்குள்ளதான் போகும். பெரிய கம்பனிகளில பிளாஸ்க்குக்குப் பதிலா உருளுற போத்தல்கள், இல்லாட்டி சின்னச் சின்ன மணிகளுக்கு மேல கலத்த ஒட்ட வைச்சுப் பெரிய தாங்கியில சுத்த விடுறது, இந்த மணி யோசினைய 1967இல ஒல்லாந்தில வான் வெசல் எண்டவர் சொன்னவர்.

ஒண்டு கூடச் சொல்லுறன், உங்களுக்குப் பிடிக்கும். 1912இல நியூயோர்க்கில அலெக்சிஸ் கரல் எண்டவர் கோழி முளையத்தின்ர இதயத் துண்டு ஒண்ட வளர்ப்பில போட்டவர், அந்த வளர்ப்பு 1946 வரைக்கும் நடந்தது எண்டு பதிவு இருக்கு, அதால சாதாரணக் கலம் சாகாம என்றென்றைக்கும் பிரியும் எண்டு உலகம் முழுக்க நம்பினது. 1961இல லெனார்ட் ஹேஃப்லிக் வந்து இல்ல, மனுசரின்ர சாதாரணக் கலம் ஒரு அம்பது தரமளவில பிரிஞ்சு நிண்டிடும் எண்டு காட்டினார், கரலின்ர கதைய வேற ஆராலயும் திருப்பிச் செய்து காட்ட ஏலாமலே போச்சு. கோழி முளையக் கலமும் கொஞ்சத் தரம் மாத்தி வளர்த்தாப் பிறகு களைச்சுப்போகும், அதாலதான் திருப்பித் திருப்பிப் புது முட்டை உடைக்க வேண்டி வாறது. 1990கள் முடியிற நேரம் டிஎஃப்-1 எண்டு ஒரு கோழிக் கல வரிசை வந்திது, அது வைரஸோ இரசாயனமோ போடாம தானாவே நிக்காமப் பிரியத் தொடங்கின ஒண்டு. அதத் திரவ நைதரசனில வைச்சு வேணுமான நேரம் எடுத்து வளர்க்கலாம், ஒவ்வொரு தரமும் முட்டை உடைக்கத் தேவையில்ல.

கேள்வி: 2023இல முட்டை இல்லாம இந்தியாவில இருந்து இறக்கினம். அப்பிடி இருக்க மருந்துக்கு எண்டு முட்டைய உடைக்கிறது சரியா? எல்லாத்தையும் கல வளர்ப்பில செய்தா என்ன? (வாசகர், கிராண்ட்பாஸ்)

ஐயா, உங்கட கோவம் நியாயம், ஆனா கடையில நாங்க வாங்கிற முட்டைக்கும் மருந்து முட்டைக்கும் சம்பந்தமில்ல. அது எஸ்பிஎஃப் முட்டை, குறிப்பிட்ட நோய்க்கிருமி ஒண்டும் இல்ல எண்டு அடிக்கடி இரத்தம் பரிசோதிச்சுப் பாத்த பேடுகள், காத்த வடிகட்டி உள்ள விடுற வீட்டுக்குள்ள வளருற பேடுகள், அதுகள் இடுறது. சாதாரண முட்டைய விடக் கனக்க விலை. அந்தச் செலவு ஏன் எண்டா சில வைரஸ் தாய்க்கோழியில இருந்து முட்டைக்குள்ளயே வந்திடும், லியூக்கோசிஸ் வைரஸ் அப்பிடி ஒண்டு. 1970களில யப்பானிலயும் அவுஸ்திரேலியாவிலயும் கோழிக்குக் கட்டி வைக்கிற மாரெக் நோய்க்கான மருந்துக்குள்ள வேற ஒரு வைரஸ் கலந்து போய், மருந்து போட்ட குஞ்சுகளே வளராமச் சோர்ந்து போனது. அதுக்குப் பிறகுதான் எந்தக் கலத்தில வளர்க்கிறம், அந்தக் கலம் எந்தக் கோழியில இருந்து வந்தது எண்டு தோண்டித் தோண்டிப் பாக்கத் தொடங்கினது.

எல்லாத்தையும் மாத்த ஏலாது, அதுக்கொரு வடிவான காரணம் இருக்கு. ராணிக்கெட்டுக்கு நாங்க கனக்கப் பாவிக்கிறது லாசோட்டா எண்ட மெல்லிய வைரஸ். இந்த வைரஸ் ஒரு கலத்துக்குள்ள போக வேணுமெண்டா அதின்ர மேல இருக்கிற ஒரு புரதத்த ரெண்டா வெட்ட வேணும், பூட்டுக்குத் திறப்பு மாதிரி. கொடிய ராணிக்கெட்டின்ர புரதத்த உடம்பில எந்தக் கலத்தில இருக்கிற நொதியமும் வெட்டிப்போடும், அதால மூளை, ஈரல், குடல் எண்டு ஒரு இடமும் விடாமப் போய்க் கோழியக் கொல்லும். லாசோட்டாவின்ர புரதத்த வெட்டுறதுக்கு திரிப்சின் மாதிரி நொதியம் வேணும், அது மூச்சுக்குழாயிலயும் குடலிலயும்தான் இருக்கு, அதால கோழிக்கு லேசான தடிமனோட விசயம் முடியும். முட்டைத் தண்ணியில அந்த மாதிரி நொதியம் தாராளமா இருக்கு, பிளாஸ்க்கில இல்ல, வெளியில இருந்து போட வேணும், போட்டாலும் முட்டை அளவுக்கு வராது. கோழிக்கு ஆபத்தில்லாத வைரஸ் எண்டதும் பிளாஸ்க்கில சோம்பலா வளருற வைரஸ் எண்டதும் ஒரே காரணத்தால வந்தது பாருங்கோ. ஒரு முட்டைத் தண்ணியிலயே ஆயிரம் குஞ்சுக்கு மேல மருந்து வரும், அத விட்டுட்டு ஏன் மாறப் போறாங்கள்.

கம்போரோ நோய் வேற மாதிரி. அமெரிக்காவில டெலவெயர் மாநிலத்தில கம்போரோ எண்ட ஊர்ப் பக்கம் கண்டு 1962இல எழுதின நோய், குஞ்சின்ர நிர்ப்பீடன உறுப்பான பேர்சாவ அழிக்கும், அதுக்குப் பிறகு வேற எந்த மருந்து போட்டாலும் குஞ்சின்ர உடம்பு சரியாப் பிடிக்காது. அந்த வைரஸ் பழக்கினா கல வளர்ப்பில நல்லா வருது. மாரெக்குக்கும் கல வளர்ப்புத்தான். கோழி அம்மைக்கு ரெண்டு வழியும் இருக்கு. கோழிக்கு மூச்சு நோய் தாற இன்ஃபெக்சியஸ் புரோங்கைட்டிஸ் வைரஸும் இண்டைக்கும் முட்டைய விட்டு வரமாட்டன் எண்டு நிக்குது, ஒண்டு ரெண்டு வகையத் தவிர.

கேள்வி: குரங்குக் கலம், சாகாத கலம் எண்டெல்லாம் வாசிக்கப் பயமா இருக்கு. அந்த மருந்து போட்ட கோழிய பிள்ளைக்குக் குடுக்கலாமா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

குடுக்கலாம் அக்கா, பயப்பிடாதேங்கோ. நீங்க வாசிச்ச குரங்குக் கலம் வெரோவா இருக்கும், 1962இல யப்பானில சிபா பல்கலைக்கழகத்தில ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின்ர சிறுநீரகத்தில இருந்து எடுத்தது, சில இடங்களில கம்போரோ வைரஸ அதுக்குப் பழக்கியிருக்கினம். அதே வெரோவிலதான் நாய்க்கடி ஊசியில ஒரு வகையும் போலியோ மருந்தில ஒரு வகையும் செய்யினம். உங்கட பிள்ளைக்கு 9 மாசத்திலயும் 3 வயசிலயும் கிளினிக்கில எம்எம்ஆர் போட்டிருப்பீங்கள், அதில இருக்கிற கூகைக்கட்டு வைரஸ் வளர்ந்தது மேல நான் அந்தத் தங்கச்சிக்குச் சொன்ன அதே கோழி முளையக் கலத்தில. இந்தத் தொழில்நுட்பம் உங்கட பிள்ளைய ஏற்கனவே காப்பாத்திக்கொண்டுதான் இருக்கு. கோழிக்குப் போட்ட கொஞ்ச மருந்து பெரும்பாலும் அது வளர்ந்து கறியாகி வாறதுக்குள்ள அதின்ர உடம்பிலயே முடிஞ்சிடும், சமைக்கிற சூட்டில எந்த வைரஸும் மிஞ்சாது. கவனம் வேண்டியது மருந்து போடுற ஆளுக்குத்தான், ராணிக்கெட் மருந்து கண்ணில தெறிச்சா சில நாள் கண் சிவந்து தண்ணி ஓடும், போட்டு முடிஞ்ச உடன சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேணும்.

கேள்வி: கலத்தைப் பிரிக்கிற திரிப்சின் பன்றியில இருந்து எடுக்கிறது எண்டு ஒருத்தர் சொன்னார். உண்மையா? (வாசகர், மாளிகாவத்தை)

நானா, உண்மையை மறைக்காமச் சொல்லுறன். திரிப்சின் வழமையா பன்றியின்ர சதையியில இருந்து எடுக்கிறதுதான். கலத்தைப் பிரிச்சாப் பிறகு அத நிப்பாட்டி, கழுவி, புதுத் தண்ணிக்கு மாத்துவினம், அதால கடைசி மருந்தில மிஞ்சினாலும் மிச்சம் மீதிதான். இப்ப பன்றி இல்லாம, ஜீன் மாத்தின சோளத்திலயும் நுண்ணுயிரிலயும் செய்யிற திரிப்சினும் சந்தையில இருக்கு, சில கம்பனி அதுக்கு மாறியிருக்கு. முட்டையில செய்யிற லாசோட்டாவுக்கு கலம் பிரிக்கிற வேலையே இல்ல. மார்க்கத் தீர்ப்பு சொல்லுற தகுதி எனக்கில்ல, அத உலமாக்கள்ட்டக் கேளுங்கோ, ஆனா போகேக்க மருந்து இறக்கிற ஆக்கள்ட்ட எந்த மூலத்துத் திரிப்சின் எண்டு எழுத்தில கேட்டு அந்தக் கடுதாசியையும் கொண்டு போங்கோ, அப்பத்தான் அவைக்கும் சரியாச் சொல்ல ஏலும்.

கேள்வி: என்ர மாமா குளியாப்பிட்டிப் பக்கம் ஹெச்சரியில வேலை. ஒரு மருந்து மட்டும் புகை பறக்கிற தாங்கியில வருதாம், அது ஏன் ஃப்ரிட்ஜில வைக்க ஏலாது? (வாசகி, வத்தளை)

அது மாரெக் நோய்க்கான மருந்து, திரவ நைதரசன் தாங்கியில மைனஸ் 196 பாகையில வரும். 1907இல ஹங்கேரியில ஜோசெஃப் மாரெக் முதல் எழுதின நோய், கால் ஒண்டு முன்னுக்கும் ஒண்டு பின்னுக்கும் நீட்டிக்கொண்டு கோழி விழுந்து கிடக்கும், உள்ள வெட்டிப் பாத்தா ஈரலில கட்டி. வைரஸால வாற புற்றுநோய் அது, உலகத்தில ஒரு புற்றுநோய்க்கு முதல் வந்த தடுப்பு மருந்தும் இதுக்குத்தான், 1970 அளவில. இங்கிலாந்தில கோழிச் சிறுநீரகக் கலத்தில திருப்பித் திருப்பி வளர்த்து மெலிய வைச்ச வைரஸ் முதல் வந்திது, பிறகு வான்கோழியில இருக்கிற ஒரு சாதுவான உறவுக்கார வைரஸ், 1972இல ஒல்லாந்தில ரிஸ்பென்ஸ் வகை.

இந்த வைரஸ் கலத்த விட்டு வெளியில வராத சாதி. கோழியின்ர உடம்பிலயே இறகு முளைக்கிற குழியில மட்டும்தான் தனியா வெளிய வரும், மத்த இடமெல்லாம் கலத்தில இருந்து பக்கத்துக் கலத்துக்கு நேரா நுழையும். அதால மாமா குத்துற மருந்துக்குள்ள இருக்கிறது உயிரோட இருக்கிற கலங்கள், கலம் செத்தா வைரஸும் செத்துது. வான்கோழி வைரஸ மட்டும் கலத்தில இருந்து பிரிச்சு உலர்த்தித் தூளாக்க ஏலும், மத்ததுகள் நைதரசனத்தான் நம்பியிருக்கு. மருந்து அடைச்ச சின்னக் கண்ணாடிக் குப்பிய, அதான் ஆம்பியூலை, வெளிய எடுத்த உடன 27 பாகைத் தண்ணியில ஒரு நிமிசமளவில உருக்கி, நேரம் கடத்தாமக் கரைசலில கலந்து, ஒரு மணித்தியாலத்துக்குள்ள குத்தி முடிக்க வேணும், ஒரு நாள் குஞ்சின்ர கழுத்துத் தோலுக்குக் கீழ. கண்ணுக்குக் கண்ணாடியும் தடிச்ச கையுறையும் போடாம ஆம்பியூலைத் தொட வேண்டாம் எண்டு மாமாட்டச் சொல்லுங்கோ, சிலவேளை வெடிக்கும், கண் போன ஆக்கள் இருக்கினம். இன்னுமொண்டு, இந்த மருந்து கட்டிய நிப்பாட்டும், காட்டு வைரஸ் தொத்திறத முழுசா நிப்பாட்டாது, மருந்து உடம்பில பிடிக்க ஒரு கிழமையாவது வேணும், அதால மருந்து போட்டாச்சு எண்டு பழைய உமிப் படுக்கையில புதுக் குஞ்ச விடுறது பெரிய பிழை.

கேள்வி: மொட்டை மாடியில 12 ஊர்க்கோழி வளர்க்கிறன். ராணிக்கெட் மருந்து வாங்கப் போனா ஆயிரம் கோழிக்கான குப்பிதான் இருக்காம். மிச்சத்த ஃப்ரிட்ஜில வைச்சு அடுத்த மாசம் போடலாமா? பைப் தண்ணியில கலக்கலாமா? (வாசகர், தெஹிவளை)

தம்பி, கரைச்ச மருந்த வைக்க ஏலாது, ரெண்டு மணித்தியாலந்தான் கணக்கு. குப்பிக்குள்ள உலர்த்தின வைரஸ் நித்திரையில இருக்கு, தண்ணி பட்ட உடன முழிச்சு ஒவ்வொரு நிமிசமும் செத்துக்கொண்டு வரும், ஃப்ரிட்ஜ் அதக் கொஞ்சம் பிந்த வைக்கும், நிப்பாட்டாது. பக்கத்தில கோழி வளர்க்கிற அஞ்சாறு வீட்ட ஒரே ஞாயிற்றுக்கிழமை சேர்த்துக்கொண்டு ஒரு குப்பிய உடைச்சாக் காசும் மிச்சம், எல்லாற்ற கோழிக்கும் ஒண்டாப் பாதுகாப்பு.

12 கோழிக்குத் தண்ணியில கலக்காதேங்கோ, கண்ணில ஒரு சொட்டு விடுறதுதான் நல்லது, சொட்டு கண்ணுக்குள்ள இறங்கிற வரைக்கும் தலையப் பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும். கனக்கக் கோழி இருந்து தண்ணியிலதான் குடுக்க வேணுமெண்டா கொழும்புப் பைப் தண்ணியில குளோரின் இருக்கு, அது வைரஸக் கொல்லும், ஒரு லீற்றருக்கு 2.5 கிராம் ஆடை நீக்கின பால்மா கலந்து ஒரு அரை மணித்தியாலம் விட்டுப் பிறகு மருந்தக் கலவுங்கோ, பால் புரதம் குளோரினப் பிடிச்சுக்கொள்ளும். தகர வாளி வேண்டாம், சவுக்காரம் போட்டுக் கழுவின பாத்திரமும் வேண்டாம்.

வாங்கிறதப் பத்தித்தான் நான் கூடச் சொல்ல வேணும். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் போன காலம், அம்மாவின்ர 14 கோழிக்கு மருந்து எடுக்க ஒரு கடைக்குப் போனன், குப்பியின்ர லேபிள் ஈரமாகிச் சுருண்டு இருந்தது, ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது, கடைக்காரர் "இப்பதான் கரண்ட் போனது" எண்டார். இவ்வளவு காலம் இந்த வேலை செய்தனான், எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும், ஆனா பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன். மூண்டு கிழமையில பக்கத்து வளவில நோய் வந்து எங்கட கோழியும் பச்சையாக் கழிஞ்சு, கழுத்து முறுகித் தலை பின்னுக்குப் போய், 11 கோழி செத்துது. அம்மா ஒண்டும் பேசேல்ல, வெறுங் கூட்டக் கழுவி வெயிலில கவிட்டு வைச்சா. ஆரோ ஒரு ஆள் ஒரு கிழமை முழுக்கப் பாடுபட்டு வளர்த்த வைரஸ் அந்தக் கடை ஃப்ரிட்ஜில செத்திருக்கு, நான் அம்மாவின்ர கோழிக்கு வெறுந் தண்ணிதான் விட்டிருக்கிறன்.

அதால ஐஸ் போட்ட பிளாஸ்க் ஒண்டு கொண்டு போங்கோ, ஃப்ரிட்ஜில கை வைச்சுக் குளிர் இருக்கா எண்டு பாருங்கோ, குளிர் இல்லாட்டி வாங்காம வாங்கோ, அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில கேட்டா எண்டைக்கு மருந்து வருது எண்டு சொல்லுவினம். சூடு தாங்கிற ஐ-2 எண்டு ஒரு ராணிக்கெட் வகை இருக்கு, அவுஸ்திரேலியாவில குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில கிராமத்துக் கோழிக்காகவே உருவாக்கினது, மொசாம்பிக்கிலயும் தன்சானியாவிலயும் ஃப்ரிட்ஜ் இல்லாத ஊருகளில கண்ணில சொட்டு விட்டுத்தான் கோழியக் காப்பாத்தினம், இங்க கிடைக்குமா எண்டு வைத்தியர்ட்டக் கேட்டுப் பாருங்கோ. போட்டு முடிஞ்ச குப்பியையும் மிச்சக் கரைசலையும் கானுக்குள்ள எறியாதேங்கோ, கொதிதண்ணிச் சட்டியில பத்து நிமிசம் அவிச்சுப் போட்டுத்தான் குப்பையில போட வேணும்.